கப்பித்தான் பிள்ளை

ஜூன் 9, ஞாயிறு

மகள் எமல்டாவைப் பெண் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்தார்கள். பார்ப்பது என்பது மரியாதைக்குத்தான். பையன் கஸ்பாரும் இவளும் புதுச்சேரியில் ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறார்கள். இவள் இரண்டாம் மாடியில் ஆடிட்டர், அவன் மூன்றாம் மாடியில் காப்பீட்டு நிறுவனம். நான்கு வருடமாக ஒருவரையொருவர் பார்த்து முடித்துவிட்டார்கள். இன்று நாங்கள் அவர்களைப் பார்த்தோம், அவர்கள் எங்கள் சோபாவைப் பார்த்தார்கள்.

கஸ்பாரின் அப்பா சந்தியாகு ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக்கொடி காட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார் போல, அவ்வளவு நிதானம். எனக்குப் பிடித்திருந்தது. என் மனைவி பிலோமினாவின் கட்லெட்டை எல்லோருக்கும் பிடித்திருந்தது. என் அக்கா மதலேனுக்கே பையனைப் பிடித்திருந்தது என்பதை இங்கே தனியாகப் பதிவு செய்கிறேன், மறுபடி நடக்காது.

பேச்சு ஓய்ந்த நேரத்தில் கூடத்துச் சுவரில் இருக்கும் கப்பித்தான் படத்தை அவர்களுக்குக் காட்டினேன். நீலக் கோட்டு, அடர்ந்த மீசை, கையில் தொலைநோக்கி. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். இவர் கேப்டன் வெதரால், கடலூரிலிருந்து சுமத்ரா தீவின் அச்சைக்குக் கப்பல் ஓட்டியவர், எங்கள் மூதாதை. இவருடைய மகன் யாக்கோபு இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கோயில் கல்லறையில் கல் இருக்கிறது, ‘கப்பித்தான் பிள்ளை யாக்கோபு’ என்று வெட்டியிருக்கிறது. வெதரால் என்ற பெயர்தான் கடலூர் நாக்கில் உருண்டு வேதராயர் ஆயிற்று. ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் இந்த ஒலித்திரிபை ‘வேதராயர் குலமும் கடலும்’ என்ற என் நூலில் மூன்று பக்கம் விளக்கியிருக்கிறேன். ஒரு பிரதியும் கொடுத்தேன். பரணில் நிறைய இருக்கின்றன.

சந்தியாகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் படம் எங்க வீட்லயும் இருக்குங்க" என்றார்.

"காலண்டர்ல வந்திருக்கும்" என்றாள் பிலோமினா அவசரமாக.

"இல்லீங்க. வெதரால் கப்பித்தான்தான். அவரு மவன் ஜான் வழியில வந்தவங்க நாங்க."

அக்கா கையிலிருந்த கட்லெட்டைத் தட்டில் திரும்ப வைத்தாள். "மகன் வழியா, மக வழியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மவன் வழிதாங்க."

"நாங்களும் மகன் வழி. அப்ப ரெண்டு வீடும் பங்காளியில்ல? அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா உக்காந்து கட்லெட் சுட்டுகிட்டிருக்கோம்?"

பெண் வழி ஒன்றாகவும் ஆண் வழி ஒன்றாகவும் இருந்திருந்தால் மாமன் மச்சான் முறை, மேளமே அடித்திருக்கலாம். இரண்டும் ஆண் வழி. எத்தனை தலைமுறை ஆனாலும் பங்காளி பங்காளிதான். பால்பாயசம் யாரும் தொடவில்லை.

கிளம்பும்போது சந்தியாகு, "வர்றோம் சம்…" என்று ஆரம்பித்து, அக்காவைப் பார்த்துவிட்டு, "…சார்" என்று முடித்தார்.

ஜூன் 10, திங்கள்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. அக்கா ஓடுகிறாள். மதியத்துக்குள் ஐந்து வீடுகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தாயிற்று.

ஜூன் 12, புதன்

பங்குச் சாமியாரைப் பார்த்தோம். "ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்தின சொந்தத்துக்குத் திருச்சபையில தடையே கிடையாது. தாராளமா கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கலாம்" என்றார்.

"ரோமாபுரியில முறை பாக்கத் தெரியுமா சாமி?" என்று அக்கா கேட்டாள். "நீங்க ஓலை வாசிங்க. தடை இருக்கிறதா அறிஞ்சவங்க சொல்லலாம்னு வாசிப்பீங்கல்ல, அப்ப நான் எழுந்திருச்சு அறிஞ்சதைச் சொல்றேன்."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் அந்தோணியார் சுரூபத்தைப் பார்த்தேன். அவர் தன் கையிலிருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை எமல்டா போனில் பேசினாள். "அப்பா, அத்தை கோயில்ல எழுந்து நின்னா, நான் நேரா ரெஜிஸ்தர் ஆபீசுக்குப் போயிடுவேன். அப்புறம் அந்தக் கோயிலுக்கும் வரமாட்டேன், நம்ம வீட்டுக்கும் வரமாட்டேன். செத்துப்போன ஒரு கேப்டனுக்காக நீங்க என்னை விட்டுட்டா, அது உங்க கணக்கு."

கோபத்தில்கூட கணக்கு என்றுதான் பேசுகிறாள். கடலோடிய ரத்தம் எப்படி வரவு செலவுக்குப் போயிற்று என்று நூலிலேயே ஓர் அடிக்குறிப்பில் வியந்திருக்கிறேன்.

சென்னையில் பழைய உயில்களும் வழக்குகளும் இருக்கின்றன. யாராவது ஒருவர் மகள் வழி என்று ஒரு வரி கிடைத்தால் போதும். அவர்கள் மகள் வழியாக இருந்தால் நல்லது.

ஜூன் 18, செவ்வாய்

எழும்பூர் ஆவணக் காப்பகம். வம்சம் தேடி வருபவர்கள் எல்லோரும் தாங்கள் இன்னாருடைய வாரிசு என்று நிரூபிக்க வருகிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு ஜமீனைத் தேடிக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவர் ஒரு பாளையத்தை. இன்னார் எங்களுக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை என்று நிரூபிக்க வந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

உணவு இடைவேளைக்குப் பிறகு உயில் வந்தது. கேப்டன் வெதரால் 1796இல் காய்ச்சலில் இறந்திருக்கிறார். அதற்குப் பத்து நாள் முன்பு எழுதியது. நாகப்பட்டினத்து மரியாள் என்பவளுக்கு வீடு. அவளுக்குப் பிறந்த ‘என் இயற்கை மகன் ஜானுக்கு’ அவர் பெயரும் மிச்சமெல்லாமும். ஆக, அவர்கள் மகன் வழிதான். அதில் சந்தேகமில்லை.

எங்களவரும் இருக்கிறார்! அடுத்த பத்தியில். ‘உண்மையுள்ள யாக்கோபு கனிகோபொலிக்கு என் தொலைநோக்கியும் கறுப்புக் கோட்டும்.’

கனிகோபொலி. மூன்று முறை எழுத்துக் கூட்டினேன். இப்படியொரு குடும்பப் பெயர் எங்களுக்கு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. மகன் என்ற சொல் இல்லாதது ஒரு சிறு குறை. ஆனால் தொலைநோக்கியை ஒரு மாலுமி மகனைத் தவிர வேறு யாருக்குக் கொடுப்பான்?

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.

ஜூன் 19, புதன்

விளங்கிவிட்டது. பொலி என்பது கிரேக்க மொழியில் நகரம். கனிகோ நகரத்தார். யாக்கோபின் தாயார் ஒரு கிரேக்க வணிகக் குடும்பத்துப் பெண்ணாக இருக்க வேண்டும். கப்பித்தானுக்கு நாகப்பட்டினத்தில் ஒரு மரியாள் இருந்தால் கடலூரில் ஒரு கிரேக்கப் பெண் இருக்கக் கூடாதா? இரண்டாம் பதிப்புக்குப் பின்னிணைப்பாக ஆறு பக்கம் எழுதினேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டாள்.

"அதான்டா நம்ம மூக்கு."

"ஆனா அக்கா, தாய் வேற வேற இல்லியா? பங்காளின்னு சொல்ல முடியுமா?"

"தாய் நூறு இருக்கட்டும். தகப்பன் ஒண்ணுதானே? அந்தப் பையன் நம்ம புள்ளைக்கு அண்ணன்தான். மூக்கு மட்டும் வேற."

குலம் உயர்ந்தது. கல்யாணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

மோட்டார்காரர் வந்தார். காயில் போய்விட்டதாம். கழற்றிக்கொண்டு போனார். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தேன். ஆறாவது குடத்தில் சந்தியாகு போன் செய்தார்.

"சார், உயில்ல எங்க ஜானைப் பத்திப் போட்டிருக்குன்னு எமல்டா சொன்னிச்சாம். என்னான்னு போட்டிருக்கு?"

"‘என் இயற்கை மகன்’னு இருக்கு."

"அப்டீன்னா?"

"செயற்கை இல்லாத மகன்னு வெச்சுக்குங்களேன்."

பின்னாலிருந்து கஸ்பாரின் குரல் கேட்டது. "அப்பா, கல்யாணம் பண்ணிக்காம பொறந்த புள்ளைன்னு அர்த்தம். போன்ல தேடிப் பாத்துட்டேன். நம்மெல்லாம் ஆர்கானிக்."

ஆறாவது குடம் நிரம்பி வழிந்தது. பிறகு சந்தியாகு சொன்னார். "அந்தக் காலத்துல கோயில் தூரமா இருந்திருக்கும்ங்க."

நல்ல மனிதர். அடுத்த முறை சென்னைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். வழக்குக் கட்டு ஒன்று வர வேண்டியிருக்கிறது. கப்பித்தானின் தம்பி இங்கிலாந்திலிருந்து வந்து உயில் செல்லாது என்று வழக்குப் போட்டிருக்கிறார்.

எமல்டா இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. அவள் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாளாம். ஜூலை முதல் ஞாயிறு ஓலை வாசிப்பதாகச் சாமியாரிடம் அவளே பெயர் கொடுத்துவிட்டாளாம். ஒன்று கோயில், இல்லாவிட்டால் ரெஜிஸ்தர்.

ஜூன் 23, ஞாயிறு

பூசைக்குப் பிறகு துறைமுகத்தில் சங்கரா மீன் வாங்கினேன். பிலோமினா பொரிக்கச் சொல்லிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாணலி அருகில் நின்று அந்தப் பெயரைச் சரியாக உச்சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனிகோபொலி, கனிக்கோப்பொலி, கனக்கொப்பொலி.

"காலையிலேர்ந்து என்ன, கணக்கப்பிள்ள கணக்கப்பிள்ளன்னு பொலம்பிகிட்டிருக்கீங்க?" என்றாள் பிலோமினா. "எந்தக் கணக்கப்பிள்ள? மீனைத் திருப்பிப் போடுங்க."

மீன் கருகிவிட்டது.

தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பது எனக்குத் தெரியும். தரங்கம்பாடி டிராங்குபார் ஆனதும் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிலோமினாவுக்குக் காது மந்தமாகி வருகிறது. நாளைக்கே காட்ட வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

காது மருத்துவர் நன்றாகச் சோதித்தார். பிலோமினாவின் காதில் எந்தக் குறையும் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

விரிவாக எழுத வேண்டிய நாள்.

சந்தியாகு எனக்கு முன்பே வந்து காப்பக வாசலில் நின்றார். பொட்டலத்தில் நாகூர் பரோட்டா கொண்டுவந்திருந்தார், எனக்கும் சேர்த்து. ஒருவரையொருவர் என்னவென்று கூப்பிடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. சம்பந்தி என்றால் அவசரம். அண்ணன் என்றால் கல்யாணம் போச்சு. "இந்தாங்க" "வாங்க" என்றே மதியம்வரை ஓட்டினோம்.

வழக்குக் கட்டு வந்தது. வெதரால் எதிர் வெதரால். தம்பியின் வாதம்: மரியாள் என்பவள் வேலைக்காரி, ஜான் என்கிற பையன் என் அண்ணனுக்குப் பிறந்தவன் அல்ல, காய்ச்சலில் புத்தி பேதலித்து எழுதிய உயில். மரியாளின் பக்கம் ஒரே ஒரு சாட்சி. யாக்கோபு.

சாட்சியின் வயது முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. கப்பித்தான் இறக்கும்போது நாற்பத்தொன்று. கழித்துப் பார்த்தேன். கடலோடிகள் துணிச்சல்காரர்கள்தான். இருந்தாலும் பத்து வயதில் அவ்வளவு துணிச்சல் இருக்காது. வயதைக் குமாஸ்தா தவறாகக் காதில் வாங்கியிருக்கலாம் என்று அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

யாக்கோபு நன்றாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். தம்பியின் வக்கீல் இரண்டு நாள் குடைந்திருக்கிறார், அசையவில்லை. ‘கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம் கப்பித்தான் முதலில் மரியாள் வீட்டுக்குத்தான் போவார். பையனை மடியில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் வரவு செலவு கேட்பார். என் மகன் உட்கார்ந்திருக்கிறான், மெதுவாகப் படி என்பார்.’ நீதிபதி இதை நம்பியிருக்கிறார். உயில் செல்லும், பையனுக்குப் பெயர் உண்டு என்று தீர்ப்பு.

சாட்சியத்தின் அடியில் கையெழுத்து. இங்கிலீஷ் குமாஸ்தாவின் எழுத்துக்குக் கீழே, தமிழில், அந்தக் காலத்து வழக்கப்படி மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியே வைக்காமல்:

வேதராயன் மகன் யாக்கோபு, கணக்கப்பிள்ளை.

முப்பது வருடம் பிள்ளைகளைப் புள்ளி வைக்கச் சொல்லி அடித்தவன் நான். புள்ளி இல்லாமலே தெளிவாகப் புரிந்தது. கிரேக்கம் என்றால் வாதாடலாம். தமிழோடு நான் எப்படி வாதாடுவது?

வேதராயன் என்பது அவர் அப்பாவின் பெயர். வெதரால் உருளவும் இல்லை, தேயவும் இல்லை. என் நூலில் பக்கம் பதினேழு முதல் பத்தொன்பது வரை.

"என்னாங்க போட்டிருக்கு?" என்றார் சந்தியாகு. அவருக்கு அந்தக் காலத்துக் கையெழுத்து படிக்க வரவில்லை.

"காத்து, மழை, கப்பல் வந்து சேந்த தேதி" என்றேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. அவையும் இருந்தன.

கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடைக்குப் போனோம். அவர் இரண்டு கிளாசையும் தானே வாங்கிவந்து ஒன்றை என் கையில் கொடுத்தார். பிறகு, ரயில் கிளம்புமுன் வண்டி முழுவதையும் ஒருமுறை பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"வீட்ல பேசிட்டோம்ங்க. எங்களுக்கு அந்தக் கப்பித்தான் வேணாம்."

"வேணாம்னா?"

"நாங்க அவரு வம்சம் இல்லைன்னு எழுதிக் குடுத்துடறேன். எங்க பாட்டன் சும்மா பெருமைக்குச் சொல்லிட்டாருன்னு உங்க அக்காகிட்ட நானே வந்து சொல்றேன். படத்தையும் எறக்கிடறேன். புத்தகமெல்லாம் போட்டிருக்கீங்க, நீங்களே வெச்சுக்குங்க அவரை. எங்களுக்கு என்ன, அந்த ஆளை வெச்சுச் சோறா பொங்கப் போறோம்? கஸ்பாரு ஒரு வாரமா சரியா சாப்பிடல. பிச்சாவரத்துல படகுல போனாலே வாந்தி எடுக்கிற பய, அவனுக்கு எதுக்குங்க கப்பித்தான்?"

சொல்லிவிட்டு டீயை ஊதினார். ஏழு தலைமுறையை டீக்கடையில் இறக்கிவைத்த மனிதர் மாதிரியே தெரியவில்லை. சட்டைப் பையில் பேனாகூடத் தயாராக இருந்தது.

என் பையில் அவருடைய பாட்டனின் பாட்டனாருக்குப் பெயர் தந்த தீர்ப்பு இருந்தது, நான் பென்சிலால் எழுதியெடுத்தது.

டீயில் இஞ்சி அதிகம். ஒருமுறை இருமிக்கொண்டேன்.

"பேனாவை உள்ள வைங்க சம்பந்தி" என்றேன்.

அவர் கிளாசை மேசையில் வைத்தார். "என்னா சொன்னீங்க?"

"கப்பித்தான் உங்களுக்குத்தான். முழுசா உங்களுக்கு. நாங்க அவருக்குப் பிள்ளை இல்ல. கணக்கப்பிள்ளை."

எழுதியெடுத்ததை முதலிலிருந்து படித்துக் காட்டினேன். ‘மெதுவாகப் படி’ என்ற இடம் வந்தபோது அவர் கையமர்த்தி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அப்ப உங்க தாத்தா சாட்சி சொல்லலேன்னா…" என்றார்.

"உங்க தாத்தாவுக்குப் பேரு கெடச்சிருக்காது."

"இவ்ளோ நல்ல சேதியை வெச்சுகிட்டா காத்து மழைன்னு சொன்னீங்க?"

"ஊருக்குப் போயி சொல்லலாம்னு இருந்தேன்."

நம்பியதாகக் காட்டிக்கொண்டார். இன்னொரு டீ வாங்கினார். ரயிலில் எமல்டாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு, "முப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு. அதைப் பாத்த உடனே தெரியலியாப்பா?" என்று கேட்டாள். ஆடிட்டர்.

ஜூன் 27, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். அவள் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். கையெழுத்து, வேதராயன் மகன், வயது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அப்ப மூக்கு?" என்றாள்.

"நம்மளுதுதான் அக்கா."

"கப்பித்தான் பிள்ளைன்னு கல்லுலயே வெட்டியிருக்கேடா?"

"கப்பித்தானோட கணக்கப்பிள்ளையை ஊருல அப்படித்தான் சொல்லியிருக்காங்க. நாமதான் பெத்த பிள்ளைன்னு எடுத்துக்கிட்டோம்."

"நாமன்னு சொல்லாத. புத்தகம் போட்டது நீ."

கதவைச் சாத்திக்கொண்டாள். பங்காளி இல்லை என்று ஆகிவிட்டதே, கல்யாணத்துக்குச் சரிதானே என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன். உள்ளே அருள்நிறை மரியே சத்தமாகிவிட்டது.

ஜூன் 30, ஞாயிறு

மோட்டார் வந்துவிட்டது. ஓடுகிறது. அக்கா பூசையில் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்தாள், எங்களைப் பார்க்கவில்லை.

ஜூலை 3, புதன்

அச்சகத்தில் ஒரு துண்டுச் சீட்டு அடிக்கக் கொடுத்தேன். பரணில் உள்ள பிரதிகளில் ஒட்டுவதற்கு. ‘பிழைதிருத்தம்: இந்நூலில் கப்பித்தானின் மகன் என்று வரும் இடங்களில் எல்லாம் கப்பித்தானின் கணக்கப்பிள்ளை என்று வாசிக்கவும். பக்கம் 17 முதல் 19 வரை வாசிக்க வேண்டாம்.’

அச்சகத்துத் தம்பி, "இதுவே நல்லா இருக்கு சார், இதைத் தனியா புக்காப் போடலாம்" என்றான்.

ஜூலை 7, ஞாயிறு

முதல் ஓலை.

எமல்டா நேற்றிரவே வந்துவிட்டாள். கஸ்பாரையும் சந்தியாகுவையும் வரச் சொல்லியிருந்தோம். வந்தார்கள், எங்களுக்கு அடுத்த பெஞ்சு. அக்கா இன்று முன் வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் அங்கே உட்காருவதில்லை. அங்கிருந்து எழுந்தால் கோயில் முழுவதற்கும் தெரியும்.

நற்கருணை வாங்கி எல்லோரும் உட்கார்ந்ததும் சாமியார் காகிதத்தை எடுத்தார். "நாகப்பட்டினம் பங்கைச் சேர்ந்த…" என்று ஆரம்பித்தார். கஸ்பாரின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர். "நமது பங்கைச் சேர்ந்த…"

அக்கா எழுந்தாள்.

சாமியார் நிறுத்தினார். கோயில் முழுவதும் திரும்பியது. ஜூன் பத்தாம் தேதி செய்தி போன ஐந்து வீட்டாரும் கழுத்தை நீட்டினார்கள். எமல்டா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் நகம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

அக்கா நேரே நடந்து போய், தூணில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த பெரிய மின்விசிறி நின்றது. "இந்தச் சத்தத்துல ஒரு பேரும் விளங்கல சாமி. முதல்லேர்ந்து வாசிங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சாமியார் முதலிலிருந்து வாசித்தார். தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்ற இடத்தில் கொஞ்சம் மெதுவாகவே வாசித்தார். அக்கா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் எதையும் அறிந்திருக்கவில்லை.

பூசை முடிந்து அவள் சாமியாரை மறித்தாள். "பொண்ணு பேரை வெறும் எமல்டான்னு வாசிக்காதீங்க. அடுத்த வாரம் எமல்டா வேதராயர்னு முழுசா வாசிக்கணும். அது எவன்கிட்டேயும் வாங்கின பேரு இல்ல."

பிறகு சந்தியாகுவிடம் திரும்பினாள். "என்ன நின்னுகிட்டே இருக்கீங்க? வீட்டுக்கு வாங்க. அன்னிக்குக் கட்லெட் அப்படியே வெச்சுட்டுப் போயிட்டீங்க."

எமல்டா என் முழங்கையை விட்டாள். நான்கு நகத் தடங்கள் இருக்கின்றன. வலிக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

கடையில் கேள்விப்பட்டேன். கப்பித்தான் குடும்பம் நடுத்தெருவில் நின்றிருக்கும், நாங்கள்தான் கோர்ட்டில் ஏறிக் காப்பாற்றினோம் என்று அக்கா சொல்லிவருகிறாளாம். வக்கீல் குடைந்தது இரண்டு நாள் என்று ஆவணத்தில் இருக்கிறது. கடலூர் முதுநகரில் அது இப்போது இரண்டு வாரம்.

கப்பித்தான் எங்களவராக இருந்தபோதுகூட நாங்கள் இவ்வளவு பெரிய குடும்பமாக இருந்ததில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

அக்காவின் உத்தரவு: சீர்த் தட்டுகளோடு கப்பித்தான் படமும் போக வேண்டும். "அவுங்க தாத்தா நம்ம வீட்டுல எதுக்குத் தொங்கணும்? மரியாதையா அனுப்பிடு."

சட்டத்தைத் துடைக்கக் கழற்றினோம், நானும் எமல்டாவும். சட்டத்துக்குள் மறைந்திருந்த கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. எமல்டா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தாள். ஒரு பிஸ்கட் கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே, ‘மாலுமிகள் விரும்புவது.’

எங்கள் தாத்தாவும் அவர்கள் தாத்தாவும் ஒரே வருடம் ஒரே பிஸ்கட் வாங்கியிருக்கிறார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். படத்தைப் பழையபடி சட்டத்துக்குள் வைத்து, கீழ் ஓரம் நன்றாக மறையும்படி ஆணி அடித்தோம். நன்றாக மறைகிறதா என்று அவள் இரண்டு முறை சரிபார்த்தாள்.

ஆகஸ்ட் 28, புதன்

கல்யாணம் நடந்தது. மழை இல்லை. பதிவேட்டில் பெண் தரப்புச் சாட்சியாக அக்காதான் கையெழுத்துப் போடுவேன் என்றாள். "சாட்சி சொல்றது நம்ம வீட்டு வழக்கம்." மதலேனம்மாள் வேதராயர் என்று தமிழில், எல்லாப் புள்ளிகளும் வைத்து எழுதினாள்.

சந்தியாகு படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இப்ப எங்க வீட்ல ரெண்டு கப்பித்தான்" என்றார்.

"பாத்து வைங்க சம்பந்தி. தம்பிகாரன் கேஸ் போட்டான்னா சொல்லி அனுப்புங்க, வந்துடறோம்" என்றாள் அக்கா.

ஆகஸ்ட் 30, வெள்ளி

புதுச்சேரியிலிருந்து எமல்டா பேசினாள். வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறதாம். கஸ்பார் இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறானாம்.

கூடத்துச் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, நீள்சதுரமாகத் தெரிந்தது. வெள்ளையடிக்க ஆள் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மாலையில் கடைக்குப் போய்த் திரும்பினேன். அதற்குள் அதே ஆணியில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. அக்கா நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"கணக்கப்பிள்ளை வீடுன்னா தேதியாவது சரியா இருக்க வேணாமா?" என்றாள்.

நேற்றைய தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தாள்.